தெருவின் சாட்சியும் திண்ணையின் தீர்ப்பும்

இலக்கியத்துக்குரிய பொருளைத் தேடிக் கவிஞன் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அது தெருவில் எல்லார் கண்ணிலும் படும்படியே கிடக்கிறது. அதனை எடுத்துத் தக்க சொல்லால் உருவாக்கும் திறத்திலேயே அவன் பெருமை அடங்கியிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த அரபுப் பேரறிஞர் அல்ஜாஹிழ் கொண்டிருந்த கருத்து இது. நூலிலே இதனைப் படித்த நாளில் நாம் தலையசைத்து ஏற்றுக்கொண்டோம். ஆனால், தெருவில் கிடக்கும் பொருளைத் தெருவிலே வாழ்பவனே எடுத்துப் பாடினால் அதனைக் கவிதையென்று ஏற்போமா என்னும் வினாவை நாம் எழுப்பிக்கொண்டதில்லை. அவ்வினாவை நம் வாயிற்படியிலே கொண்டுவந்து வைத்தவர் ஓர் இளைஞர்.

அடையாற்றில் நாம் மாலைநேர மக்தப் நடத்திவந்த காலத்தில், ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஓதவந்த சிறுவர் அவர். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கரையோரக் குடியிருப்புகள் அகற்றப்பட்டபோது அவர் குடும்பம் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தது, ஓதவருவதும் நின்றது. இப்போது மோட்டார் சைக்கிளில் வீடுவீடாக உணவு கொண்டுசேர்க்கும் வேலை பார்க்கிறார். ஒருநாள் வழியிலே நம் இல்லத்தில் இறங்கியவர், ஸலாம் கூறித் தண்ணீர் அருந்திவிட்டுத் தம் கைப்பேசியை நீட்டினார். “ஹஜ்ரத், ‘நாஸிர் பின்’னு ஒருத்தர் பேர் இருக்கே, இது அரபிதானே? ஆனா ஆள் அமெரிக்காக்காரர். பாட்டுப் பாடுறவர்” என்றார்.

அரபிதான். நாஸிர் என்றால் உதவுபவன்; பின் என்றால் மகன். முழுப்பெயர் நாஸிர் பின் ஓலு தாரா ஜோன்ஸ். ஓலு தாரா என்பது இசைவாணரான தந்தை சூடிக்கொண்ட ஆப்பிரிக்க யொரூபாப் பெயர்; ஜோன்ஸ் ஆங்கிலேயக் குடும்பப் பெயர். அடிமைக் கப்பல்களில் கொண்டுசெல்லப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறே இந்த ஒரு பெயருக்குள் சுருண்டு கிடக்கிறது. பெயரைக் கண்டு அவரை நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம்; தம் வேரைத் தேடிய கறுப்பின மக்களிடையே அரபுப் பெயர்கள் பரவியது தனிக் கதை. உலகம் அவரை ‘நாஸ்’ என்று சுருக்கி அழைக்கிறது. 1994 ஏப்ரல் 19ஆம் நாள், தமது இருபதாம் வயதில், ‘இல்மாட்டிக்’ என்னும் பாடல் தொகுதியை அவர் வெளியிட்டார். பத்துப் பதிவுகள்; மொத்தம் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள். அதனை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2021ல் தன் தேசிய ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்துக்கொண்டது.

“இதே மாதிரி நம்ம சென்னையிலயும் ஒண்ணு இருக்கு ஹஜ்ரத்” என்று அவர் இன்னொன்றையும் காட்டினார். அது, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு 2018ல் வெளியிட்ட ‘மகிழ்ச்சி’. இரண்டையும் பல இரவுகள் செவிமடுத்தோம். ஆங்கிலத்தில் விளங்காத இடங்களை அவரே விளக்கினார். நமக்குத் தோன்றிய தீர்ப்பை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்தக் கலை பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியை ஊடறுத்து 1948 முதல் 1972 வரை ஒரு பெருஞ்சாலை அமைக்கப்பட்டது. சாலை வரும் வழியிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலைக்கப்பட்டன. எஞ்சிய தெருக்கள் வறுமையிலும் தீவிபத்துகளிலும் சிதைந்தன. அத்தகைய பகுதியில், 1973 ஆகஸ்டு 11ஆம் நாள், செட்விக் அவென்யூவின் 1520ஆம் எண் குடியிருப்பில் நடந்த ஒரு விருந்தில், ஜமைக்காவில் பிறந்த பதினெட்டு வயது இளைஞர் கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக் கொண்டு வேடிக்கை காட்டினார். பாடலின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து நீட்டினார். அவ்வாறு நீண்ட தாளத்தின்மீது பேச்சை ஏற்றியபோது ‘ராப்’ உருவாயிற்று. இசைக்கருவி வாங்க வழியில்லாதவர்கள் பழைய இசைத்தட்டையே கருவியாக்கிக் கொண்டனர். 1982ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் ‘தி மெசேஜ்’ என்னும் பாடல், அதுவரை கேளிக்கைக்குரியதாயிருந்த அந்தக் கலையைச் சேரியின் துயரைச் சொல்லும் கலையாக மாற்றிக் காட்டியது.

நாஸ் வளர்ந்தது அதே நகரின் குயின்ஸ்பிரிட்ஜ் என்னுமிடத்தில். ஏழைகளுக்கென அரசு கட்டி 1939ல் திறந்த குடியிருப்பு அது. ஒரே தோற்றமுடைய கட்டிடங்களில் 3,000க்கும் மேற்பட்ட வீடுகள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் நாஸ். 1992ல் அதே குடியிருப்பில் அவருடைய உயிர்த்தோழர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அவருடைய தம்பியும் குண்டடிபட்டார். போதைப்பொருள் வாணிகமும் துப்பாக்கியும் காவலர் வேட்டையும் நிறைந்த அச்சூழலையே ‘இல்மாட்டிக்’ பாடுகிறது.

ஆனால் எவ்வாறு பாடுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அரசைக் கண்டிக்கும் முழக்கமோ உலகுக்குச் சொல்லும் உபதேசமோ அதில் மிகுதியாக இல்லை. தன் வீட்டுப் பலகணியில் நின்று கீழே பார்ப்பவனைப் போல, கண்ணில் பட்டதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறார். ‘ஒன் லவ்’ என்னும் பாடல், சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் மடலாகவே அமைந்திருக்கிறது. நீ சிறை சென்றபின் உன் பிள்ளை பிறந்துவிட்டான், உன் சாயலிலேயே இருக்கிறான், இன்னார் இன்னவாறு ஆனார் என்று ஊர்ச்செய்தி போகிறது. வளைகுடா நாட்டிலிருக்கும் கணவருக்கும் பிள்ளைக்கும் கடிதம் எழுதிப் பழகிய நம் குடும்பங்களுக்கு இந்த நடை புதிதன்று. கடிதம் போய்ச் சேரும் இடம்தான் வேறு. பாடலின் முடிவில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் போதைப்பொருள் விற்றுக்கொண்டு எதிர்ப்படுகிறான். அவனோடு பாடகர் அமர்ந்து பேசுகிறார். அவனைத் திருத்திவிட்டதாகப் பாடல் பெருமை பேசவில்லை. அச்சிறுவன் அங்கிருந்தான் என்பதை மட்டும் பதிந்து வைக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்பாடல்களில் வசைச்சொல் உண்டு, மது உண்டு, கஞ்சா உண்டு. ஒரு பாடலின் தலைப்பையே நம் இதழில் அச்சிட இயலாது. பெண்களைப் பற்றிய பேச்சு பல இடங்களில் இழிவாயிருக்கிறது. அன்னையரும் சகோதரியரும் அத்தெருவில் இருந்திருப்பார்களே, அவர்கள் குரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இவை குறைகளே. இவற்றை மூடி மறைக்க நாம் வரவில்லை. ‘ஆகவே இது இலக்கியமாகாது’ என்று முடிவு கட்டுவோரிடம் மட்டும் சில செய்திகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

அரபு மதரஸாக்களில் மாணவர்கள் பயபக்தியோடு ஓதும் இலக்கிய நூல்களுள் ஒன்று, 1122ல் மறைந்த ஹரீரியின் ‘மகாமாத்’. அதன் தலைவன் யார்? அபூ ஸைத் என்னும் ஊர்சுற்றி. பள்ளிவாசலிலே உபதேசம் செய்து மக்களை அழவைத்துக் காசு திரட்டுவான். அக்காசோடு மதுவருந்தப் போவான். அவனுடைய மூலதனமெல்லாம் நாவன்மையே. ‘ஸஜ்உ’ என்னும் இயைபு நிறைந்த உரைநடையில் ஐம்பது நிகழ்ச்சிகளில் அவன் உலகை ஏய்க்கிறான். அந்த ஏய்ப்பை விரித்துரைத்து, அருஞ்சொற்பொருள் எழுதி, மனப்பாடம் செய்வித்து, ‘ஆலிம்’ பட்டம் வழங்குகிறோம்.

அதற்கும் முற்பட்ட ஜாஹிலிய்யாக் காலத்தில் ‘ஸஆலீக்’ எனப்பட்ட கவிஞர்கள் இருந்தனர். குலத்தினின்றும் விலக்கப்பட்டுப் பாலையில் வழிப்பறி செய்து வாழ்ந்தவர்கள். அவர்களுள் உர்வா இப்னுல் வர்து, தாம் கவர்ந்ததைப் பசித்தோர்க்குப் பகிர்ந்தவர் என்று புகழப்படுகிறார். ஷன்ஃபராவின் பெயரால் வழங்கும் நெடும்பாட்டு, தன்னைக் கைவிட்ட உறவினரைக் காட்டிலும் பாலை விலங்குகளே மேலான சுற்றம் என்று பசியோடும் செருக்கோடும் பேசுகிறது. அதனை அரபு இலக்கணிகள் ஒதுக்கவில்லை. உரை வகுத்துப் போற்றினர். 10ஆம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் குதாமா இப்னு ஜஃபர், பாடுபொருளின் இழிவு கவிதையின் சிறப்பைப் போக்காது என்று வாதிட்டு, மரம் மட்டமானது என்பதற்காகத் தச்சனின் வேலைத்திறனைக் குறை கூறலாமோ என்னும் பொருள்பட எழுதினார்.

தமிழுக்கு வருவோம். ‘நொண்டி நாடகம்’ என்றொரு சிற்றிலக்கிய வகை நம்மிடம் உண்டு. திருடன் ஒருவன் தன் களவையும் பரத்தமையையும் தானே கூறி, குதிரை திருடப்போய்க் கால் வெட்டுண்ட கதையைத் தன் வாயாலேயே பாடுவான். அவ்வகையில் புகழ்பெற்ற ஒன்று கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் அமைந்த ‘சீதக்காதி நொண்டி நாடகம்’. குற்றவாளி தன்மையிடத்தில் நின்று கதை சொல்லும் இலக்கியத்துக்கு நம் முன்னோர் முகம் சுளிக்கவில்லை. அதற்கும் முன்னே, பெருந்தலைச் சாத்தனார் என்னும் சங்கப் புலவர், சமையலையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்ததையும், பால் வற்றிய தாயின் மார்பில் அழும் குழந்தையையும் பாடியிருக்கிறார். வறுமையை இத்தனை அணுக்கமாகக் காட்டியது புறநானூறு.

அரபியில் எழுதப்பட்டால் இலக்கியம். ஏட்டில் இருந்தால் இலக்கியம். இன்றைய தெருவில் ஒலித்தால் மட்டும் கூச்சல் என்பது என்ன நீதி? கடுஞ்சொல்லை உரத்துக் கூறுவதை வெறுக்கும் திருமறையே, அன்னிஸா அத்தியாயத்தில், அநீதி இழைக்கப்பட்டவனுக்கு அதனின்றும் விலக்களித்திருக்கிறது. சொல்லை மட்டும் எடைபோடாமல் சொல்பவனின் காயத்தையும் பார் என்பது அதிலே நமக்குக் கிடைக்கும் பாடம்.

இனிச் சென்னைக்கு வருவோம். இந்நகரின் உழைக்கும் மக்கள் வாழும் பேட்டைகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது கானாப் பாட்டு. இறப்பு வீட்டில் இரவு முழுதும் பாடுவது ‘மரண கானா’. தாளத்துக்குச் சட்டியும் கட்டமோளமும் போதும். அவையுமில்லையேல் மேசைப் பலகை போதும். அதன் ஊற்றுக்கண்ணைச் சித்தர் பாடல்களிலும், குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களிலும் காண்போர் உளர். தொண்டியிலிருந்து வந்து வடசென்னையில் துறவியாக வாழ்ந்து 1838ல் மறைந்த அம்மகானை மக்கள் ‘தொண்டியார்’ என்றழைத்ததால்தான் தண்டையார்பேட்டை என்னும் பெயரே வந்தது என்பர். கானா நமக்கு அந்நியம் என்று ஒதுங்குவோர், இந்த உறவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்கானாவையும் ராப்பையும் ராக் இசையையும் ஒன்றாகப் பிணைத்ததே ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017ல் பத்தொன்பது கலைஞர்களைத் திரட்டி உருவாக்கிய குழு இது. சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாச பண்டிதரின் கருத்திலிருந்து பெயர் பெற்றது. இராயப்பேட்டையிலிருந்து 1907ல் இதழ் தொடங்கி நடத்திய அப்பெரியார், இதே சென்னையின் அறிவு மரபைச் சேர்ந்தவர். 2018 ஜனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் நடந்த இக்குழுவின் முதல் நிகழ்ச்சிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அவ்வாண்டே ‘மகிழ்ச்சி’ வெளிவந்தது.

தொகுதியின் முதற்சிறப்பு அதன் ஒலி. பறையும் சட்டியும் கட்டமோளமும் மின்கிதாருக்குப் பின்னே ஒளிந்து நிற்கவில்லை. அவையே முன்னின்று வழிநடத்துகின்றன. இறப்பு வீட்டுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கப்பட்ட கருவிகள் அவைக்கு வந்து அமர்ந்திருக்கின்றன. அடுத்த சிறப்பு யாப்பு. எதுகை, மோனை, இயைபு என நாம் திண்ணையில் பிரம்பை வைத்துக்கொண்டு கற்பிப்பவை எல்லாம் ராப் பாடகர் அறிவின் நாவில் பிரம்பில்லாமலே வந்து விழுகின்றன. இயைபுத் தொடையை அடுக்கிக்கொண்டே போய், கேட்போன் எதிர்பாராத சொல்லில் நிறுத்தும் அந்த உத்தி, ஹரீரி வாசித்தவர்க்குப் பழகியதே. பெருமிதம் பேசும் ‘ஃபக்ர்’, பகைவரை எள்ளும் ‘ஹிஜா’ ஆகிய பழைய அரபுத் துறைகளும் இங்கே உயிரோடிருக்கின்றன. மாட்டிறைச்சி உண்பதைக் குற்றமாக்குவோரை நகையாடும் பாட்டு நல்லதொரு ஹிஜா. வன்முறையின் இருப்பிடமென்று திரைப்படங்கள் காட்டிப் பழக்கிய பகுதியைத் தலைநிமிர்ந்து பாடும் ‘வடசென்னை’ நல்லதொரு ஃபக்ர். ஆடவர் அரங்காகவே இருந்துவந்த கானாவில் இசைவாணி என்னும் பெண் நின்று பாடியது மற்றொரு சிறப்பு, 2020ல் பி.பி.சி. நிறுவனத்தின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். இத்துறையில் நம் சென்னைக் குழு, நியூயார்க்கின் இருபது வயது இளைஞரைக் காட்டிலும் ஒருபடி மேலே நிற்கிறது.

ஆயினும் இரு தொகுதிகளையும் மாறிமாறிக் கேட்டபோது, ஒரு வேறுபாடு மேலும் மேலும் தெளிவாயிற்று. அதனை நமக்குப் பழக்கமான இரு அரபுச் சொற்களால் சொல்லிவிடலாம். ஒன்று ஷாஹித், அதாவது சாட்சி. மற்றொன்று வகீல், தமிழில் நாம் வக்கீல் என்கிறோமே, அதுதான். இருவரும் ஒரே நீதிமன்றத்தில் பேசுவோர். ஒரே உண்மைக்காகவும் பேசக்கூடும். ஆனால் சாட்சி, தான் கண்டதைச் சொல்ல வேண்டும். வக்கீல், தன் கட்சியை நிலைநாட்ட வேண்டும். சாட்சி தனக்குப் பாதகமானதையும் மறைக்கலாகாது. தமக்கே எதிராயினும் சாட்சியத்தில் நீதியாக நிற்க வேண்டும் என்பது நமக்குக் கட்டளை. வக்கீலுக்கு அந்தக் கடமை கிடையாது.

‘இல்மாட்டிக்’ ஒரு சாட்சியின் வாக்குமூலம். தன் தெருவை மட்டுமன்றித் தன்னையும் அது காட்டிக்கொடுக்கிறது. தான் அருந்திய மதுவை, கொண்ட அச்சத்தை, நண்பனின் குற்றத்தை அது மறைப்பதில்லை. நாம் மேலே குறையென்று சுட்டியவற்றுள் ஒரு பாதி, இந்த மறைக்காமையிலிருந்தே வந்தது. ‘மகிழ்ச்சி’யோ பெரும்பாலும் ஒரு வக்கீலின் வாதம். இடஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’ பாடலை எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சிக்காரனின் ஏளனத்துக்கு வரலாற்றைக் காட்டி விடையிறுக்கும் பாடல் அது. வாதம் வலிமையானது; நமக்கும் உடன்பாடானது. ஆனால், கோட்டாவில் இடம் பெற்றுக் கல்லூரிக்குப் போன ஒரு பிள்ளையின் முதல்நாள் காலை அங்கே நம் கண்முன் விரியவில்லை. வகுப்பில் அவன் எந்தப் பலகையில் அமர்ந்தான், அவனைப் பார்த்து யார் நகர்ந்து உட்கார்ந்தார், மாலையில் தாயிடம் அதைச் சொன்னானா மறைத்தானா? அதைக் கேட்டிருந்தால் எதிர்க்கட்சிக்காரனும் வாயடைத்திருப்பான். கானா மேலோங்கும் இடங்களில் பேட்டையின் பேச்சும் குறும்பும் தாமாக வந்து அமர்கின்றன. முழக்கம் மேலோங்கும் இடங்களில் மேடை தெரிகிறது, தெரு மறைகிறது.

இதனைச் சொல்லும்போதே நம்மை நாம் தடுத்து ஒரு நியாயம் பேச வேண்டியிருக்கிறது. நாஸ் பாடவந்தபோது அவருக்கு முன்னே இருபதாண்டு ராப் மரபும், கறுப்பின மக்களின் நூற்றாண்டுக்கால இசைமரபும் இருந்தன. வாதாடும் வேலையைப் பலர் செய்து முடித்திருந்தனர். அவர் பலகணியில் நின்று பார்க்க அவகாசம் இருந்தது. சென்னையில் நிலை வேறு. சாட்சிக்கூண்டில் ஏறவே அனுமதியில்லாதவன், முதலில் அந்த அனுமதிக்காகத்தான் வாதாட வேண்டும். ‘நீ பாடுவது பாட்டே அல்ல’ என்று நீதிமன்றமே சொல்லும்போது, அவன் வக்கீலாகாமல் என்ன செய்வான்? ஆகவே ‘மகிழ்ச்சி’யில் வாதம் மிகுந்ததற்குப் பாடியவர்கள் மட்டும் பொறுப்பாளிகள் அல்லர், கேட்க மறுத்த நாமும் பொறுப்பாளிகளே.

பின்னர் நிகழ்ந்தவை இக்கருத்தை உறுதிப்படுத்துகின்றன. அறிவு, ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து 2019ல் ‘தெருக்குரல்’ என்னும் தொகுதியை வெளியிட்டார். திருக்குறளைத் தெருவுக்கு அழைத்துவந்த அந்தத் தலைப்பே ஒரு கவிதை. அதிலும் வாதம் உண்டு. ஆனால் 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் அவர் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யில் வாதம் பின்னே சென்று, சாட்சி முன்னே வந்துவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அது பிறந்தது என்று அறிவு கூறியிருக்கிறார். ஒரு கிழவியைக் காட்டினார். நிலமற்ற மக்களின் வரலாறு தானே பின்தொடர்ந்து வந்தது. மொழி தெரியாத நாட்டாரும் அதனைக் கேட்டனர்.

நம் அடையாற்றிலே ஒரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், 2015ல் ஒரு கலைவிழா தொடங்கப்பட்டது. சபாக்களில் ஒலிக்கும் சாஸ்திரிய இசையும் மக்கள் கலைகளும் மீனவர் தெருவில் ஒன்றாக அரங்கேறின. நடந்து செல்லும் தொலைவில் இருந்தும் நாம் போகவில்லை. செய்தித்தாளில் படித்து, ‘நல்ல முயற்சி’ என்று சொல்லிவிட்டு, மகாமாத்தின் உரையைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இப்பாடல்களை நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் அறிவோமா அறியோமா என்பதே வேறுபாடு. எல்லாப் பாடலும் எல்லா வயதினருக்கும் உரியதன்று. ‘இல்மாட்டிக்’கைச் சிறுவர் கையில் கொடுக்கச் சொல்லி நாம் பரிந்துரைக்கவில்லை. துப்பாக்கியையும் போதையையும் அணிகலனாக்கி விற்கும் பாடல்களும் இத்துறையில் ஏராளமாக உண்டு. அவை தெருவைக் காட்டுவதாகச் சொல்லித் தெருவை விற்பவை. இவற்றைப் பிரித்தறிய நாம் மேலே கூறிய அளவுகோல் உதவும். பாடுபவன் தான் கண்டதைச் சொல்கிறானா? தனக்கு எதிரானதையும் சொல்கிறானா? அவன் பாட்டிலுள்ள தாயும் நண்பனும் சிறுவனும் மனிதர்களாக இருக்கிறார்களா, அல்லது அவனுடைய வீரத்துக்குத் திரைச்சீலையாக இருக்கிறார்களா? பிள்ளையோடு அருகமர்ந்து ஒருமுறை கேட்டுவிட்டு, இம்மூன்று வினாக்களை அவனிடமே கேளுங்கள். ‘நிறுத்து’ என்னும் ஒற்றைச் சொல் செய்யாததை அந்த உரையாடல் செய்யக்கூடும்.

‘நிறுத்து’ என்னும் சொல்லைப் பற்றி நாம் அனுபவத்தில் பேசுகிறோம்.

இரு தொகுதிகளையும் பற்றிப் பேசி முடித்த ஒரு மாலையில் அந்த இளைஞர், “மக்தப்ல நான் பலகையில தாளம் போட்டுப் பாடினேனே, ஞாபகம் இருக்கா ஹஜ்ரத்?” என்று கேட்டார். நினைவிருந்தது. ஓதும் பலகையில் விரலால் தட்டிக் கானா மெட்டில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தனர். ‘இது ரவுடிகள் பாட்டு, இங்கே கூடாது, நிறுத்து’ என்று அதட்டினோம். நிறுத்திவிட்டார். அதன்பின் அவர் அங்கே பாடியதில்லை.

“என்ன பாட்டு அது?” என்று கேட்டோம். சொற்கள் நம் நினைவில் ஒன்றும் இல்லை. அதட்டியது மட்டுமே நினைவிருந்தது.

தாமே கட்டிய பாட்டு என்றார். குடிசைகளை அகற்றும் முன்னர் அதிகாரிகள் வந்து ஒவ்வொரு கதவிலும் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போனார்களாம். எந்த எண் வீட்டில் யார் இருந்தார்கள், எந்த வீட்டில் கோழி வளர்த்தார்கள், எந்த எண்ணில் கிழவி ஒருத்தி தனியாக இருந்தாள் என்று, எண்ணை வரிசையாக வைத்து அதில் ஒவ்வொரு வீட்டையும் பாடியிருந்தாராம். “எத்தனை வீடு வரைக்கும் பாடினாய்?” என்றோம். “ஞாபகம் இல்ல ஹஜ்ரத். பாடி பன்னண்டு வருசம் ஆகப்போவுதே” என்றார்.

அவ்வீடுகள் இன்று இல்லை. கரையில் வேலியடைத்து மரம் நட்டிருக்கிறார்கள். அவற்றைக் கண்ட சாட்சி ஒருவர் நம் முன்னே அமர்ந்து வாக்குமூலம் தந்துகொண்டிருந்த நேரத்தில், கையில் ஹரீரியை வைத்துக்கொண்டு, கேட்காமலே தள்ளுபடி செய்தோம். அந்தப் பாட்டில் இனி எவ்வளவு மீளுமோ அறியோம். வியாழக்கிழமை மாலைகளில் வேலை முடிந்து வரச் சொல்லியிருக்கிறோம். நினைவுக்கு வரும் எண்களைச் சொல்வார்; நாம் எழுதிக்கொள்வோம். இதுவரை ஆறு வீடுகள் கிடைத்திருக்கின்றன.